வாசகர் கேள்விகள்: ழான் தார்க்கின் முகம்

சென்ற இதழில் வாசகர் ஒருவருக்கு விடை எழுதும்போது, டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியடோர் டிரையர் பிரான்சில் எடுத்து 1928 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ழான் தார்க்கின் பாடுகள்' என்னும் மௌனப் படத்தைப் பற்றி நான்கு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் அப்படத்துக்கே உரியது. தமிழ்நாட்டில் ஜோன் ஆஃப் ஆர்க் என்று எழுதப்படும் பெயரைப் பிரெஞ்சு படித்த நம் மொரீஷியஸ் தீவின் வழக்கப்படி ழான் தார்க் என்றே எழுதுகிறேன். புனிதையை 'அவள்' என்று குறிப்பிடுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அம்மனையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம்.

கேள்வி (ரோஸ் ஹில், வாசகி): தாங்கள் எழுதியதை நம்பி நானும் என் கணவரும் படத்தைப் பார்த்தோம். ஓர்லேயான் நகரை மீட்ட வீராங்கனையின் கதையை எதிர்பார்த்தோம். குதிரையும் இல்லை, போரும் இல்லை. ஒன்றரை மணி நேரம் ஒரு பெண் கண்ணீர் விடுகிறாள், கிழவர்கள் அதட்டுகிறார்கள். இதை ஒரு புனிதையின் வாழ்க்கைப் படம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் ஏமாற்றம் நியாயமானது. இது வாழ்க்கைப் படமன்று, பாடுகளின் படம் என்பதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமையன்று தேவாலயத்தில் வாசிக்கப்படும் கிறிஸ்துவின் துன்ப வரலாற்றைக் குறிக்கும் 'பாடுகள்' என்ற அதே சொல்லைத்தான் இயக்குநர் தலைப்பில் வைத்திருக்கிறார்.

நீங்கள் எதிர்பார்த்த கதை உண்மையில் நடந்ததுதான். 1412 ஆம் ஆண்டை ஒட்டித் தோம்ரெமி என்ற சிற்றூரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்த பெண், அதிதூதர் மிக்கேலும் புனித கத்தரீனும் புனித மார்கரீத்தும் தன்னோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, இன்னும் முடிசூடாதிருந்த பிரெஞ்சு இளவரசன் சார்லஸைத் தேடிச் சென்றாள். அவள் படையோடு வந்து சேர்ந்த சில நாட்களில், 1429 மே 8 அன்று, ஆங்கிலேயர் ஓர்லேயான் முற்றுகையைக் கைவிட்டு அகன்றனர். அதே ஆண்டு ஜூலை 17 அன்று ரேம்ஸ் பேராலயத்தில் ஏழாம் சார்லஸ் முடிசூடியபோது அவள் தன் கொடியுடன் அருகில் நின்றாள். அடுத்த ஆண்டு மே 23 அன்று கொம்பியேன் நகரின் வெளியே ஆங்கிலேயரின் கூட்டாளிகளான பர்கண்டிப் படையினர் அவளைப் பிடித்தனர்; பிறகு பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். 1431 மே 30 அன்று ரூவான் நகரின் பழைய சந்தைத் திடலில் அவள் உயிரோடு எரிக்கப்பட்டாள்.

டிரையர் இதில் வெற்றிகள் அனைத்தையும் விலக்கிவிட்டார். ரூவானில் நடந்த வழக்கையும் தண்டனையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் நீண்ட விசாரணையை ஒரே நாளில் நடந்து முடிந்ததுபோல் சுருக்கினார். அந்தச் சுருக்கத்தில்தான் படத்தின் வலிமை இருப்பதாக நான் கருதுகிறேன். போர்க்களத்தில் அவளோடு ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேச ஒரு வழக்கறிஞர்கூட இல்லை. ஒரு மனிதர் புனிதரா என்பது கூட்டத்தின் நடுவே தெரிவதைவிட அத்தகைய தனிமையில்தான் தெரியும்.

இந்தப் படத்துக்காகப் பாரிசுக்கு வெளியே ஒரு முழுக் கோட்டையையே பெரும் செலவில் கட்டினார்கள். ஆனால் திரையில் நாம் பெரும்பாலும் காண்பது முகங்களையே. நடிகர் எவருக்கும் ஒப்பனை கிடையாது. அக்காலத்தில் புதிதாக வந்திருந்த ஒருவகைப் படச்சுருள் தோலின் நிறத்தையும் சுருக்கத்தையும் உள்ளபடியே பதிவு செய்ததால், நீதிபதிகளின் மருக்களும் கழுத்து மடிப்புகளும் அப்படியே தெரிகின்றன. கேமராவைத் தாழ்வாக வைத்து அண்ணாந்து படமெடுப்பதற்காகத் தரையில் ஆங்காங்கே குழிகள் தோண்டினார்கள். அதனால்தான் அந்த நீதிபதிகள் அவள்மேல் கவிழ்ந்து விழுபவர்கள்போல் நமக்குத் தோன்றுகிறார்கள். அவள் முகத்தில் மட்டும் பெரும்பாலும் மென்மையான ஒளியே படிகிறது. ழானாக நடித்த ரெனே ஃபல்கொனெத்தி நாடக மேடையிலிருந்து வந்தவர். இதற்குப் பிறகு அவர் வேறெந்தத் திரைப்படத்திலும் நடிக்கவில்லை. இறுதிப் பகுதியில் அவருடைய தலைமயிரை மழிக்கும் காட்சியில் நீங்கள் பார்த்தது உண்மையாகவே மழிக்கப்பட்ட தலைதான்.

இன்னொரு முறை பார்க்க மனம் வந்தால், தொடக்க இருபது நிமிடங்களை மட்டும் பாருங்கள். அப்போது அதட்டும் கிழவர்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்லும் முன்பு அவள் எங்கே பார்க்கிறாள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி (போர்ட் லூயி, கல்லூரி மாணவர்): படத்தில் வரும் கேள்விகளும் விடைகளும் உண்மையாகப் பேசப்பட்டவையா, திரைக்கதை ஆசிரியரின் கற்பனையா?

பதில்: தம்பி, பெரும்பகுதி உண்மையாகப் பேசப்பட்டது. ரூவான் விசாரணையில் நீதிமன்ற எழுத்தர்கள் அமர்ந்து அன்றன்றைய வினாவிடைகளைப் பிரெஞ்சில் குறித்தார்கள். பின்னர் அவை இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு முறையான ஆவணமாயின. அந்த ஆவணத்தைப் பதிப்பித்த வரலாற்றறிஞர் பியேர் ஷாம்பியோன் இப்படத்துக்கு ஆலோசகராக இருந்தார். படமும் அந்த ஏட்டைப் புரட்டும் கைகளைக் காட்டித்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் பேசிய சொற்கள், அவளை அழிக்க எண்ணியவர்களின் கையெழுத்திலேயே பாதுகாக்கப்பட்டு வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1431 பிப்ரவரி 24 அன்று கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பாருங்கள். "நீ தேவனுடைய இஷ்டப்பிரசாதத்தில் இருக்கிறாயா?" என்றார்கள். இஷ்டப்பிரசாதம் என்பது நம் பழைய ஞானோபதேச நூல்களின் சொல். இன்று அருள்நிலை என்பார்கள். ஆம் என்று சொன்னால், கடவுள் மட்டுமே அறிந்ததைத் தான் அறிந்ததாகச் சொல்லும் அகந்தைக் குற்றம் வரும். இல்லை என்றால், தன் வாயாலேயே தன்னைப் பாவி என்று ஒப்புக்கொண்டதாகும். அவள் சொன்னாள்: "நான் அதில் இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே என்னைக் காப்பாராக." அங்கிருந்தோர் திகைத்துப்போனதாக எழுத்தர்களில் ஒருவர் பின்னாளில் சாட்சியம் அளித்தார். படத்தில் இந்த விடைக்கு முன்வரும் அமைதியை நான் எத்தனை முறை பார்த்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டே பார்க்கிறேன்.

மிக்கேல் சம்மனசு (தேவதூதர்) ஆடையின்றித் தோன்றினாரா என்று கேட்டபோது, அவருக்கு உடுத்தக் கடவுளிடம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டதும், அவருக்குத் தலைமயிர் இருந்ததா என்று கேட்டபோது, அதை ஏன் வெட்டியிருக்க வேண்டும் என்றதும் ஆவணத்தில் உள்ளவையே.

இருப்பினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. ஆவணத்தில் நாம் சந்திக்கும் ழான், ஃபல்கொனெத்தியின் ழானைவிடத் துடுக்கானவள், அவ்வளவு அழாதவள். ஒரு கேள்விக்குச் சில நாட்களுக்கு முன்பே விடை சொல்லிவிட்டதாக ஒருமுறை அவள் வாதிட்டாள், எழுத்தர் மறுத்தார், ஏட்டைப் புரட்டியபோது அவள் சொன்னதே சரியென்று தெரிந்தது. இன்னொரு தடவை இப்படித் தவறினால் காதைப் பிடித்து இழுத்துவிடுவேன் என்று அவள் மகிழ்ச்சியோடு எழுத்தரை எச்சரித்தாள். அதற்கு முன், 1429 இல், புவாத்தியே நகரில் இறையியலாளர் ஒருவர் தம் வட்டார உச்சரிப்பில், உன்னோடு பேசும் குரல் எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்டாராம். உங்களுடையதைவிட நல்ல மொழியில் என்றாளாம். இந்தச் சிரிப்பு டிரையரின் படத்தில் இல்லை. துயரத்தை ஆழமாகத் தோண்டியவர் சிரிப்பை வெளியே விட்டுவிட்டார். அவளை முழுமையாக அறிய விரும்பினால் படத்தோடு நிற்காமல் விசாரணை ஆவணத்தையும் படியுங்கள். பிரெஞ்சைப் பள்ளியிலேயே கற்ற உங்களுக்கு அது எட்டாததன்று.

கேள்வி (குவாத்ர் போர்ன், வாசகி): எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிறோம். என் பாட்டி படத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு, "நம் அம்மனை நெருப்புச் சுடவில்லை, இவளை ஏன் சுட்டது? இவளுக்குப் பக்தி போதவில்லையா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

பதில்: பாட்டியின் கேள்வியை நான் பல நாள் மனத்தில் வைத்திருந்தேன். அது பக்தியிலிருந்து பிறந்த கேள்வி. அதற்கு மரியாதையோடு விடை தேட வேண்டும்.

தீமிதியில் நெருப்பு நாமே தேடிச் செல்வது. நோன்பிருந்து, காப்புக் கட்டி, மஞ்சளாடை உடுத்தி, கரகத்தின் பின்னே சென்று பூக்குழியில் இறங்குகிறோம். அந்த நெருப்பை மூட்டியவர்கள் நம்மவர்கள். அதைச் சுற்றி நிற்பவர்கள் நமக்காக வேண்டுகிறவர்கள். ழானுக்கு மூட்டப்பட்டது தண்டனை நெருப்பு. அவள் அதை வேண்டவில்லை, அதற்கு அஞ்சினாள். அந்த அச்சத்தைப் படம் மறைக்காமல் காட்டுவதற்காகவே நான் அதைப் போற்றுகிறேன். 1431 மே 24 அன்று கல்லறைத் தோட்டத்தில் மேடை போட்டு, கொலைஞனின் வண்டியும் தயாராக நிற்க, அவளை மிரட்டினார்கள். தன் குரல்களை மறுக்கும் தாளில் அவள் அன்று அடையாளமிட்டாள். ஆயுள் சிறை என்றார்கள்.

நான்கு நாளில் அவள் மனம் மாறிவிட்டது. ஆவணத்தின்படி, அவள் மறுபடியும் ஆண் உடை அணிந்திருந்ததை நீதிபதிகள் கண்டனர். ஆண் காவலர்களின் நடுவே இருக்கும் தனக்கு அதுவே தகும் என்றும், பூசை காணவும் நற்கருணை வாங்கவும் விடுவதாகச் சொன்ன வாக்கும் விலங்கை நீக்குவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்றும் அவள் சொன்னாள். உயிருக்கு அஞ்சிக் குரல்களை மறுத்தது தவறு என்றும் சொன்னாள். படத்தில் அந்த மாற்றத்தைத் தூண்டுவது ஆடையன்று. மழிக்கப்பட்ட தலைமயிரைச் சிறைக்காவலன் கூட்டிப் பெருக்குகிறான். அந்தக் குப்பையோடு, காவலர்கள் அவளைப் பரிகசிக்கச் சூட்டிய வைக்கோல் முடியும் போகிறது. அதைப் பார்த்ததும் நீதிபதிகளைத் திரும்ப அழைக்கச் சொல்கிறாள். வைக்கோல் முடியைக் கண்ட கிறிஸ்தவர் எவருக்கும் முள்முடி நினைவுக்கு வரும்.

இனி, பாட்டியிடம் ஒரு காட்சியை மறுபடி காட்டுங்கள். கம்பத்தில் கட்டும்போது கயிறு நழுவிக் கீழே விழுகிறது. அவளே குனிந்து அதை எடுத்துக் கொலைஞனின் கையில் கொடுக்கிறாள். ஆறு நாட்களுக்கு முன் நெருப்புக்கு அஞ்சிக் கையெழுத்திட்ட அதே பெண் செய்த செயல் இது. அவள் உடலை நெருப்புச் சுட்டது. அதைத் தடுக்கும் அற்புதம் எதையும் அவளுடைய திருச்சபையும் சொல்லவில்லை, படமும் காட்டவில்லை. ஆனால் கயிற்றை எடுத்துக் கொடுத்த அந்தக் கணத்தில் அவளும் பூக்குழிக்குள் தானாக இறங்கிவிட்டாள் என்றுதான் நான் பார்க்கிறேன். பக்தி போதவில்லை என்று பாட்டி நினைக்க வேண்டாம்.

கேள்வி (வாக்வா, ஆசிரியர்): எரித்ததும் திருச்சபை, புனிதை ஆக்கியதும் திருச்சபை. இது முரண் அல்லவா?

பதில்: முரண்தான், ஐயா. அதை மழுப்பாமல் ஏற்றுக்கொள்வதே நல்லது. வழக்கை நடத்தியவர் போவே மறைமாவட்டத்தின் ஆயர் பியேர் கோஷோன். ஆங்கிலேயரின் பக்கம் நின்றவர். நடுவர் குழுவில் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் அறிஞர்களும் இருந்தனர். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிரெஞ்சு அரசு ரூவானை மீட்டெடுத்த பின், 1455 நவம்பரில், ழானின் தாய் இசபெல் ரொமே பாரிஸ் நோத்ரு தாம் பேராலயத்தில் திருத்தந்தையின் பிரதிநிதிகள் முன் நின்று தன் மகளுக்கு நீதி கேட்டார். சிலப்பதிகாரம் படித்த நமக்கு, அவையில் நின்று நீதி கேட்கும் பெண் புதியவள் அல்லள். கண்ணகியின் வழக்கு ஒரு சிலம்பை உடைத்ததும் முடிந்தது. இந்தத் தாயின் வழக்குக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1456 ஜூலை 7 அன்று ரூவானிலேயே பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புனிதர் பட்டம் அதற்கும் மிகப் பின்னால் வந்தது: 1909 இல் அதற்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவள் என்றும், 1920 மே 16 அன்று திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டால் புனிதை என்றும் உயர்த்தப்பட்டாள். டிரையர் படமெடுத்தபோது அந்தப் பட்டத்துக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. படம் பாரிசில் வெளியானபோது திருச்சபை வட்டாரத்திலிருந்தும் தணிக்கையாளர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்து, சில பகுதிகள் வெட்டப்பட்டன.

கேள்வி (ரெயூனியோன் தீவு, சேன்ட் அந்த்ரே, வாசகர்): இப்படத்தின் பிரதி ஒரு மனநல மருத்துவமனையில் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மை. மூல நெகட்டிவ் 1928 டிசம்பரில் பெர்லினில் தீக்கிரையானது. டிரையர் மனந்தளராமல், பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருந்த காட்சித் துண்டுகளைக் கொண்டு அதே படத்தை மறுபடி தொகுத்தார். அடுத்த ஆண்டே அதுவும் இன்னொரு தீயில் போனது. எரிக்கப்பட்ட பெண்ணின் படமும் இருமுறை எரிந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் உலகம் பார்த்தவை வெட்டியும் ஒட்டியும் வந்த குறைப் பிரதிகளே. 1952 இல் ஒருவர் பரோக் காலத்து இசையைச் சேர்த்து ஒரு பிரதியை வெளியிட்டார். அது டிரையருக்குப் பிடிக்கவில்லை.

1981 இல் நார்வே நாட்டின் ஒஸ்லோவுக்கு அருகே, டிக்கெமார்க் மனநல மருத்துவமனையின் பொருளறை ஒன்றைச் சுத்தம் செய்தபோது சில படப்பெட்டிகள் கிடைத்தன. பின்னர் நார்வே திரைப்பட நிறுவனத்தார் திறந்து பார்த்தபோது, வெட்டுப்படாத முதல் வடிவத்தின் பிரதி அதில் இருந்தது. இன்று நாம் பார்ப்பது அதிலிருந்து எடுத்ததுதான். டிரையர் 1968 இல் காலமாகிவிட்டார். தன் படம் திரும்பி வந்ததை அவர் அறியவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

கேள்வி (மாயேபூர், ஆசிரியை): மாணவர்களுக்குத் திரையிடலாமா?

பதில்: பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்குத் திரையிடலாம். காய்ச்சலில் கிடக்கும் அவளுடைய கையில் கீறி இரத்தம் எடுக்கும் காட்சியும், எரியூட்டும் காட்சியும் சிறுவர்களுக்கு ஆகாதவை. காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகளை நீங்களே தமிழில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஆனால் முகங்கள் திரையில் இருக்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள்.

கேள்வி (போர்ட் லூயி, வாசகர்): புனிதர்களின் கதையைத் தமிழர் கலையாக்கியதுண்டா?

பதில்: நிறைய உண்டு. இத்தாலியில் பிறந்து தமிழில் பாடிய வீரமாமுனிவர், இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கித் தேம்பாவணியை 3,615 பாடல்களில் பாடினார். விசுவாசத்துக்காக உயிர் நீத்த கித்தேரியம்மாள் என்ற கன்னி வேதசாட்சியின் வரலாற்றை எளிய மக்கள் பாடும் அம்மானையாக்கினார். மானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்ட எஸ்தாக்கியாரின் கதை தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்தாக ஆடப்பட்டது. இவற்றில் வானம் திறக்கும், சம்மனசுகள் இறங்குவார்கள். அந்த மரபில் வளர்ந்த நமக்கு, வானமே திறக்காத டிரையரின் படம் முதலில் வறண்டதாகத் தோன்றுவது இயல்பு. இரண்டையும் நான் விரும்புகிறேன். ஆனால் அஞ்சி நிற்கும் மனிதருக்கு எது துணை வரும் என்று கேட்டால், டிரையரின் பக்கமே சாய்வேன்.

கேள்வி (பாம்பிள்முஸ், வாசகி): ழான் உண்மையில் அந்த நடிகையைப் போலத்தான் இருந்தாளா?

பதில்: அவளைப் பார்த்து வரைந்த படம் எதுவும் நமக்கு எஞ்சவில்லை. அவள் வாழ்ந்தபோதே வரையப்பட்டு இன்றும் இருப்பது ஒரு சிறு கோட்டோவியம் மட்டுமே. ஓர்லேயான் செய்தி பாரிசுக்கு எட்டிய 1429 மே 10 அன்று, அங்குள்ள பார்லமான் நீதிமன்றத்தின் எழுத்தர் அச்செய்தியைப் பதிவேட்டில் குறித்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் ஒரு பெண்ணை வரைந்தார். பக்கவாட்டு முகம், கையில் கொடி, இடுப்பில் வாள். நீண்ட கூந்தலும் பாவாடையுமாக அவளை வரைந்திருக்கிறார். அவளோ அப்போது மயிரைக் குறுக வெட்டி ஆண் உடையில் இருந்தாள். அந்த எழுத்தர் அவளைக் கண்ணால் கண்டவர் அல்லர்.